ஆகாயக் கட்டம்

…விடக்கூடாது, என்ன ஆனாலும் விடக்கூடாது, இன்னும் சில சுற்றுக்கு அவனுடைய ஏவுதளத்துக்குள் ஒரு வண்டி இரும்பு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், விண்கப்பல் பாதியில் நிற்கும், எலும்பும் தோலுமாக வெயிலில் காயும், அப்புறம் ஆகாயமாவது மண்ணாங்கட்டியாவது என்று கலைச்செல்வி நினைத்துக்கொண்டாள், மவுஸைப் பிடித்திருந்த கை வேர்த்து வழுக்கியது, துடைக்க நேரமில்லை. திரையில் அவளுடைய படை மலைக்கணவாயை அடைத்து நின்றது, கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் நெடுமாறனின் நகரம் கொழுத்துப்போய்க் கிடந்தது. கொழுக்காமல் என்ன செய்யும், ஆட்டம் தொடங்கும்போதே கணினி அவனுக்கு ஆற்றங்கரையைக் கொடுத்தது, அவளுக்குப் பாறையைக் கொடுத்தது, கணினிக்குக்கூட ஆள் பார்த்துத்தான் கொடுக்கத் தெரிகிறதா… ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டைப் பாறை காலை வெயிலிலேயே காய்ந்திருந்தது, நெல் ஏலம் விடும் கமிட்டிக்கு மூட்டை ஏற்றிப் போகும் லாரி ஒன்று அடித்த ஹாரன் ஹெட்போனையும் மீறிக் காதில் விழுந்தது. கோட்டையை மோதிப் பிடித்தவனைவிட சோறு தண்ணீர் போகாமல் அடைத்துப் பிடித்தவன்தான் அதிகம், செஞ்சியில் குடியிருப்பவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெங்களூர் அலுவலகத்தில் ஷோபனாவும் மற்றவர்களும் இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஷோபனாதான் அங்கே தலைமை. கல்லாயுதத்தில் தொடங்கிக் கரண்டில் முடியும் அவர்களுடைய நாகரிக விளையாட்டில் ஆகாயக் கட்டம் ஒன்றைச் சேர்க்கலாமா வேண்டாமா, கப்பல் விட்டு வேறு கிரகத்தில் குடியேறலாமா, அங்கேயும் சண்டை வைக்கலாமா என்று பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது, கடைசியில் ஷோபனா, சேர்க்கச் சொல்கிற நெடுமாறனும் ஆட்டத்தைச் சோதிக்கிற கேசியும் ஒரு முறை மோதிப் பார்க்கட்டும், அப்புறம் கேசி சொல்வதுதான் முடிவு என்று சொல்லிவிட்டாள். கலையும் செல்வியும் அலுவலகத்தில் சுருங்கிக் கேசி ஆகிவிட்டிருந்தன. வீட்டிலிருந்தே வேலை, கேமரா போடுவதில்லை, வாயால் பேசுவதைவிடத் தட்டச்சு செய்து அனுப்புவதுதான் அதிகம், அதனால் சமீபத்தில் வந்து சேர்ந்த நெடுமாறனுக்கு இந்தக் கேசி யாரென்று தெரியாது. தெரிய வேண்டாம், முடிந்த பிறகு சொல்லலாம், தோற்றவனிடம் பேரைச் சொல்வதில்தானே ருசி இருக்கிறது.

அவனுக்கு ஞாபகம் இருக்குமா… இருக்காது, அடித்த கைக்கு என்ன ஞாபகம், பட்ட கன்னத்துக்குத்தான் எல்லாம். கல்லூரிக் கடைசி வருஷம், பிராஜெக்டாகச் செய்த விளையாட்டை எல்லார் முன்னாலும் நின்று விளக்க வேண்டிய நாள், அவள் தோழி கவிதாவிடம் இரவல் வாங்கிய சுடிதாரில் போயிருந்தாள், துப்பட்டா நழுவிக்கொண்டே இருந்தது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கடைசிக் கட்டத்தைக் காட்டினாள், மனிதர்கள் கப்பலேறிப் போய்ப் புதுக் கிரகத்தில் ஊர் கட்டும் கட்டம். இரண்டாம் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நெடுமாறன் குரலைக்கூட உயர்த்தவில்லை, "மின்ன கீழ ஒரு செண்டு நெலம் வாங்கட்டும் சார், அப்பால மேல வாங்கிக்கலாம்" என்றான். வகுப்பே சிரித்தது, கேள்வி கேட்க வேண்டிய ஆசிரியரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். தொண்டூரில் அவன் வீட்டு நிலத்தில்தான் அவளுடைய நைனா ஆதிமூலம் மடை திறந்தார், மூட்டை சுமந்தார், அது வகுப்பில் பாதிப் பேருக்கு ஏற்கனவே தெரியும், மீதிப் பேருக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. அவளும் சிரித்தாள். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, அவளும் சிரித்தாள், பல் தெரியச் சிரித்தாள், சிரிக்காமல் இருந்திருந்தால் இந்த வன்மம் பாதியாவது கரைந்திருக்குமோ என்னவோ. அன்று சாயங்காலமே கடைசிக் கட்டத்தை அழித்துவிட்டு, கரண்டு வந்ததோடு ஆட்டத்தை முடித்துக் கொடுத்தாள், பாஸ் போட்டார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள், பொறுத்துப் பொறுத்தே செத்துப்போன நைனாவுக்குப் பூமியில் ஆறடிகூடச் சொந்தமாக இல்லை, புறம்போக்கில்தான் புதைத்தார்கள். அப்படியிருக்க, இந்த நெடுமாறன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கூட்டத்தில் ஒரு படம் காட்டினான், "ரொம்ப நாளா என் மனசுல இருக்குற ஐடியா" என்றான், கண்ணாடிக் கூரை வீடுகள் வட்டமாக, உள்ளே ஓர் ஏரி, ஏரி நடுவில் இல்லை, அன்று அவள் காட்டிய படத்தில் போலவே ஓரமாகத் தள்ளிக் கிடந்தது… ஏன் தள்ளிக் கிடந்தது? அன்று அவளுக்குக் கணினியில் ஒழுங்காக வட்டம் போட வரவில்லை, அதனால். தெரியாத்தனமாக அவள் போட்ட கோணலைக்கூட விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறான். யாரிடம் சொல்வது, அழித்துவிட்ட ஒன்றைத் திருடிவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது? சொந்தச் சரக்காக அவன் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான், ஆகாயத்தில் நிறுத்திச் சுடுகிற பீரங்கி.

"இன்னாடி, சாப்டியா இல்லியா, இட்லி கல்லாட்டம் ஆயிடிச்சி" என்று அம்மா மீனம்பாள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள், ரேஷன் பை கையில் இருந்தது, திரையைப் பார்த்தவள் போகாமல் நின்றுவிட்டாள். "யார அடிக்கிற?" ஒருத்தனை என்றாள் கலைச்செல்வி, அதற்குள் அம்மா திரை மூலையிலிருந்த பேரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். "நெடுமாறனா, தொண்டூரு அரங்கநாதன் மவன் நெடுமாறனா? அது நல்ல புள்ளயாச்சேடி, ஒங்க நைனா சாவுக்கு மால எடுத்தாந்திச்சே." எடுத்துக்கொண்டு வந்தான், வந்தானே, தெரு முனையோடு நின்று யாரோ பையனிடம் மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான், அதைப் பார்த்தாயா அம்மா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, கேட்டால் வந்ததே பெரிசு என்பாள். "சாப்புடறேன், நீ போ" என்றாள். அம்மா போனாள், வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உனக்கு எப்படிச் சொல்வேன் அம்மா, இந்த ஆட்டமே நம் ஊர் மாதிரிதான், முதலில் வந்தவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொள்வான், அவனுக்கு விளைச்சல், விளைச்சலால் ஜனம், ஜனத்தால் படை, பின்னால் வந்தவன் தலைகீழாக நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது, ஆயிரம் ஆட்டம் சோதித்துவிட்டாள், ஆயிரத்திலும் அதுதான் கதை. அதற்காகத்தானே ஆகாயக் கட்டம் வேண்டும் என்று அன்று நினைத்தாள், கப்பலுக்காகவா, ராக்கெட் நெருப்பைப் பார்க்கிற ஆசைக்காகவா, இல்லை, அங்கே முன்னாலேயே வந்து உட்கார்ந்தவன் எவனும் இல்லை, அதற்காக. வரப்பு கிடையாது, மேட்டுத்தெரு பள்ளத்தெரு கிடையாது, எவனும் எவனையும் எங்கே வந்தாய் என்று கேட்க முடியாது. சண்டை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, யாருமில்லாத இடத்தில் யாரோடு சண்டை? அப்படிப்பட்ட கட்டத்தைத்தான் இன்று அவளே வேண்டாமென்று சொல்லப் போகிறாள். சொல்லத்தான் போகிறாள், அவன் கையால் அது வருவதைவிட வராமலே போகட்டும், எனக்கு ஒரு கண் போனாலும் அவனுக்கு இரண்டு கண்ணும் போகட்டும். ஒன்றும் தப்பில்லை. தப்பா என்ன…

கணவாயில் படை அப்படியே நின்றது, நெடுமாறன் மோதவில்லை. ஏன் மோதவில்லை? பசி எடுத்திருக்க வேண்டுமே, இரும்பு தீர்ந்திருக்க வேண்டுமே… வரைபடத்தை நகர்த்தினாள், கிழக்கே கடலோரம் வந்ததும் தெரிந்துவிட்டது, கணினி ஆடுகிற ஒரு குட்டி நாட்டிடம் அவன் எப்போதோ கடல்வழியாக இரும்பு வாங்கத் தொடங்கியிருந்தான், வாசலை அடைத்துக்கொண்டு இவள் காத்துக் கிடக்க அவன் கொல்லைப்புறமாக மூட்டை மூட்டையாக இறக்கியிருக்கிறான். அடுத்த சுற்றில் கப்பல் கிளம்பிவிட்டது. ஏவுதளத்திலிருந்து புகை எழுந்தது, பெங்களூரில் யாரோ கைதட்டினார்கள், "வாவ், சூப்பர்" என்று ஷோபனாவின் குரல் கேட்டது, நெடுமாறன் மெதுவாகச் சிரித்தான், அதே சிரிப்பு, குரல் உயராத அதே சாய்ந்த சிரிப்பு, கலைச்செல்விக்குக் காது மடல் சுட்டது. போய்விட்டான், அவளுடைய ஆகாயத்துக்கு அவளுக்கு முன்னால் அவன் போய்விட்டான், அங்கேயும் அவன்தான் முதலில், அங்கேயும் ஏரிக்கரை அவனுக்குத்தான், இனி ஆயிரம் வருஷம் ஆடினாலும்… அப்போதுதான் பீரங்கி கண்ணில் பட்டது. சோதிக்கிறவள் எல்லாவற்றையும் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சில சுற்றுக்கு முன் ஆகாயத்தில் ஒன்றை நிறுத்திவைத்து மறந்திருந்தாள், அவன் சேர்த்த பீரங்கி, அவனே வரைந்த பீரங்கி. கப்பல் அதன் எல்லைக்குள் வந்துகொண்டிருந்தது. கப்பலின் மேல் சொடுக்கி உள்ளே என்ன ஏற்றியிருக்கிறான் என்று பார்க்கலாம், பார்ப்பதுதான் முறை, எந்த ஆட்டத்திலும் அவள் பார்க்காமல் சுட்டதில்லை. என்ன இருக்கும், பீரங்கிதான் இருக்கும், அவனுக்கு வேறென்ன தெரியும். சுட்டாள். சத்தமே இல்லாமல் கப்பல் இரண்டாக விரிந்து, துண்டு துண்டாகப் பிரிந்து, இருட்டில் போனது. ஆஹா… ஆஹா என்று மனம் சொன்னது, ஒளிக்காமல் சொன்னது, நைனா, பார்த்தீங்களா நைனா, வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது, எழுந்து ஜன்னலைத் திறந்து கத்தலாம் போலிருந்தது.

"ஐயோ" என்றான் நெடுமாறன், அதிலும் சிரிப்புதான் இருந்தது, "நல்லா அடிச்சிட்டீங்க கேசி. ஆனா அதுல ஆயுதம் எதுவும் இல்லீங்க, ஜனங்களத்தான் அனுப்புனேன்." கலைச்செல்வி அப்போதுதான் சிதறிய துண்டின்மேல் சொடுக்கினாள், திரையோரத்தில் சின்ன எழுத்தில் வந்தது, குடிகள், விதைநெல், தண்ணீர். வேறொன்றும் இல்லை. மேலே தூக்கிக்கொண்டு போக எவ்வளவோ இருக்க, விதைநெல்லை ஏற்றியிருந்தான், அதை ஏற்ற வேண்டும் என்று அவளுடைய பழைய கட்டத்தில் இருந்தது, ஏரியைத் திருடியவன் அதையும் திருடியிருக்கிறான் என்று கோபப்படப் பார்த்தாள், கோபம் பாதிதான் வந்தது, மீதி இடத்தில் வேறு ஏதோ வந்து உட்காரப் பார்த்தது, உட்கார விடவில்லை. இந்த நேரம் பேரைச் சொல்ல வேண்டும், நான் கலைச்செல்வி, ஆதிமூலம் மகள் என்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான், எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருக்கிறாள், ஆனால் ஜனத்தைச் சுட்ட கையோடு நைனா பேரை எப்படிச் சொல்வது… "எனக்குப் புரிஞ்சிடுச்சி" என்றாள் ஷோபனா. "சண்டை இருந்தா மொதல்ல எவன் ஆகாயத்துல பீரங்கி வெக்கிறானோ அவன் வேற யாரையும் விடவே மாட்டான். அதனால ஆகாயக் கட்டம் இருக்கட்டும், சண்டைய மட்டும் எடுத்துடலாம், வெறும் குடியேற்றம், யார் வேணும்னாலும் போகலாம். கேசி, என்னா சொல்றீங்க, எடுத்துடட்டுமா? நீங்க சொன்னாதான்." கலைச்செல்விக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை, அப்புறம் புரிந்தது, ஷோபனா அவளிடம் நீட்டுவது அவளுடைய கட்டத்தையேதான், அன்று அழித்ததை அப்படியே, பீரங்கி இல்லாமல், கோணல் ஏரியோடு. சரி என்றால் போதும், ஒற்றைச் சொல். மைக்கைத் திறந்தாள். திரையில் ஆற்றங்கரையிலிருந்து நெடுமாறனின் அடுத்த கப்பல் எழும்பத் தொடங்கியிருந்தது, அவள் கை அவளைக் கேட்காமலே பீரங்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. "வேணாம் ஷோபனா" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள், "எடுக்க வேணாம். சண்ட இருக்கட்டும்." "பாத்தீங்களா, நான் மின்னயே சொன்னேன் இல்ல" என்றான் நெடுமாறன், அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம். கலைச்செல்வி கப்பல் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே என்ன ஏற்றியிருக்கிறது என்று இந்த முறை நன்றாகத் தெரிந்தது.