பெடல் இறங்குதா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலில் கிடைத்தது. 1991-ல் ஓசூரில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் எழுத்தராக இருந்தேன். ஷிப்டு முடிந்து போகிறவர்களின் டிபன் கேரியரைக் கேட்டில் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலை யாரும் திறப்பதில்லை. இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டும் முனீர் அகமது ஒரு மாலை தன் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். தண்ணீரை யாராவது அப்படிக் கொண்டுபோவார்களா? உள்ளே இருப்பது தண்ணீரில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெஜிஸ்டரில் அவன் போன நேரத்தை எழுதிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

இப்படித் தொடங்க எனக்கு விருப்பமில்லை. வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"பாகலூர் ரோட்டில் பனி இறங்கிய ஒரு மார்கழிக் காலையில்..." (அழகாகத்தான் இருக்கிறது. பயந்தவன் கண்ணுக்குப் பனி எங்கே தெரியும்? வேண்டாம்.)

"பிரேக் என்பது மனிதன் மனிதன்மேல் வைக்கும்..." (சீ.)

2

முனீர் தன் அக்கா அதியாவின் வீட்டில் தங்கியிருந்தான். அவள் கணவன் நசருல்லா அலுமினியப் பாத்திர வியாபாரி. பஸ்ஸில் மூட்டையோடு நாட்றாம்பாளையம் வரை மலையூர்களுக்குப் போய்வந்தவன், அந்த வருஷம் ஒரு பழைய பிக்கப் வாங்கினான். வாங்கிய மறுவாரமே பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருப்பதை முனீர் பார்த்தான். மச்சானுக்கு ஓர் உபகாரம் செய்யலாமே என்று தோன்றியது. நூறு டன் பிரஸ்ஸையே ஏற்றி இறக்கும் எண்ணெய், ஒரு பிக்கப்பை நிறுத்தாதா என்ன? பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினான். யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி எண்ணெய் கேட்டைத் தாண்டியது தெரிந்தால் வேலை போய்விடும். அடுத்த மாதம்தான் அவனைப் பெர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள்.

[* விவசாயிக்கு இந்தத் தப்பு வராது, அவனுக்கு அந்த எண்ணெய் கிடைக்காது. மெக்கானிக்குக்கும் வராது. பிரஸ் ஓட்டுகிறவனுக்கு மட்டுமே வரும் தைரியம் இது.]

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கேன்டீனில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் கங்கப்பனிடம் பேச்சுவாக்கில் கேட்டான்.

"நம்ம ஆயிலா? பிரேக்குக்கா?" கங்கப்பன் சிரித்தார். "உள்ள இருக்கற ரப்பர் வாஷரெல்லாம் ஊதிப்போயி கூழாயிடும்பா. மொதல்ல நல்லாத்தான் பிடிக்கும். அப்பறம் ஒரு நாளைக்கு மிதிச்சா கால் தரைக்குப் போயிடும். யாரு ஊத்துனது?"

"யாருமில்லண்ணா. சும்மா கேட்டேன்."

பாதிச் சோற்றோடு கேரியரை மூடினான். ஷிப்டு விட்டு வெளியே வந்தால் நசருல்லா வண்டியோடு நிற்கிறான். "முனீரு, பெடலு மெத்து மெத்துனு போவுது. திம்மராயன்கிட்ட காட்டிட்டு வந்துரலாம், ஏறு."

3

திம்மராயன் அவசரப்படாத மெக்கானிக். நான்கு சக்கரத்துக்கும் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. "ஏர் பிடிச்சிருக்கும். தம்பி, நீ மேல உக்காரு" என்று முனீரை டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தார். கீழே இருப்பவர் சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூடுவார், மேலே இருப்பவன் மிதிக்கவேண்டும். கீழே இருப்பவருக்குப் பெடல் தெரியாது. மேலே இருப்பவனின் காலைத்தான் அவர் நம்பியாக வேண்டும்.

"அமுக்கு. அமுக்கு. பிடி."

குமிழிகள் வந்தன, பிறகு நின்றன.

"பாய், என்னா ஆயில் ஊத்துனீங்க? வாசன வேற மாதிரி இருக்குதே."

"நான் ஒண்ணும் ஊத்தலீங்க. வாங்கறப்ப இருந்ததுதான்" என்றான் நசருல்லா.

"எவன் எத ஊத்துனானோ. தம்பி, இப்ப கால எடுக்காம அப்படியே மிதிச்சுப் பிடி. நான் முப்பது எண்றேன். பெடல் இறங்குச்சுன்னா சொல்லு, மாஸ்டர் சிலிண்டர அவுத்துப் பாத்துடலாம்."

அவிழ்த்தால் ஊதிய ரப்பர் தெரியும். தெரிந்தால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

பத்து வரை நின்றது. பதினைந்தில், முனீரின் பாதத்துக்குக் கீழே பெடல் மெல்ல நகர்ந்தது, சேற்றில் கால் புதைவதுபோல. வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது, ஆனாலும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"முப்பது. இறங்குதா?"

"இல்லண்ணா. நிக்குது."

(இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோனேன். சொந்த அக்கா ஏறப்போகும் வண்டியில் ஒருவன் இப்படிப் பொய் சொல்வானா? அடித்துவிட்டு "இறங்குதுண்ணா" என்று எழுதிப் பார்த்தேன். அது அவன் குரலாகவே இல்லை.)

திம்மராயன் எழுந்து வந்து தானும் இரண்டு மிதி மிதித்தார். காற்று எடுத்த கையோடு பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. "சரி பாய், போலாம்" என்றார்.

வீட்டில் அதியா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நானும் போறன்டா. பொம்பளைங்க எங்கிட்டன்னா தயங்காம வாங்குவாங்க. ஏன் மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்குது? டீ குடிக்கறியா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே போனான்.

4

முடிவு ஒன்று: காலையில் முனீர் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுகிறான். (நசருல்லா காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.)

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறான். நசருல்லா அறைகிறான், அதியா அழுகிறாள், வேலை போகிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். (இதை எட்டு முறை எழுதினேன். எழுதும்போதெல்லாம் எனக்கே கண் கலங்கியது.)

முடிவு மூன்று: தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக்கு இறங்கும் மலைச்சாலையில், இரண்டாவது வளைவில், நசருல்லா மிதித்தபோது கால் தரைக்கு

இதற்கு மேல் கை வரவில்லை.

5

முனீர் யாரிடமும் சொல்லவில்லை என்று மேலே எழுதியது அரைப் பொய். அந்தச் சனிக்கிழமை மாலை அவன் என் அறைக்கு வந்தான்.

"சார், அன்னிக்கிப் பாட்டிலப் பாத்தீங்க இல்ல? நீங்க யார்கிட்டயும் சொல்லல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னான், முப்பது எண்ணியது உட்பட. "என்னா சார் பண்றது?" என்றான்.

"இப்பவே போய்ச் சொல்லு" என்று என் வாயால் கேட்கத்தான் வந்திருந்தான். எனக்கு என் ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. பாட்டிலை வெளியே விட்டது யார் என்று நாளைக்குக் கேட்பார்களே என்று பயந்தேன். "மெக்கானிக்கே போலாம்னு சொல்லிட்டார் இல்ல? ஒண்ணும் ஆகாது, போ" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நல்லபடியாக முடிந்தது என்றால் என்னை மன்னித்துவிடுவீர்கள். இல்லையென்றால் முனீரைத் திட்டுவீர்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

இப்போது விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். முனீர் உள்ளே போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறான். நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசலில் நசருல்லா சாவியைத் திருப்பிவிட்டான். அதியா ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தப்போகிறாள்.

வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மூன்றாவது ஆள் நீங்கள்தான்.