கெசியாவைப் பற்றிப் பதினொரு குறைகள்

ஜெருஷா தோர்லி சோளக்கூழ்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கெசியா பைக் தன் பசுவிடம் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அது வேதத்துச் சங்கீதம் இல்லை. மாலுமிகள் பாடுகிற பாட்டு.

ஜெருஷா நோட்டை எடுத்து எழுதினாள். பதினொன்றாவது குறை.

அந்த நோட்டு கெசியாவுக்காகத் தைத்ததல்ல. ஒன்பது வருஷமாக ஜெருஷா தன் பாவங்களை அதில் எழுதி வருகிறாள். பக்கத்துக்கு மூன்று கட்டம்: என்றைக்கு, என்ன, எந்த வேரிலிருந்து. கோபமா, சோம்பலா, பெருமையா என்று வேரையும் எழுதாமல் அவள் பேனாவைக் கீழே வைத்ததில்லை. இரண்டு வாரமாகத்தான் அதே கட்டங்களில் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. தேவன் தன்னைத் தொட்டது எப்படி என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லி, சபை அதை நம்பினால்தான் அந்த ஊரில் ஒருவர் அங்கத்தினர் ஆகலாம். அங்கத்தினருக்குத்தான் திருவிருந்து. அவர்கள் பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம். ஜெருஷாவின் மகள் தாமாருக்கு நான்கு மாதம், பிறந்ததிலிருந்தே இளைப்பு. கணவன் எலியாப், "ஆள் முன்னாடி எனக்குப் பேச வராது, நீயே சொல்லிக்க" என்று கழன்றுகொண்டான்.

வசந்தத்தில் ஜெருஷா சாட்சி சொன்னாள். ஒன்பது வருஷத்தையும் வரிசை பிசகாமல் சொன்னாள். போதகர் ஃபென் நெற்றியைத் தடவிக்கொண்டு, "எல்லாம் ஒழுங்கா இருக்கு. அதுதான் எனக்கு உறுத்துது. இன்னும் கொஞ்சம் காத்திரு" என்றார்.

இரண்டு வாரம் முன்பு கெசியா சாட்சி சொல்ல எழுந்தாள். ஊருக்கு வந்து இரண்டே வருஷம் ஆனவள். சிப்பி தோண்டப் போன இடத்தில் கால் சேற்றில் புதைந்துவிட்டதாம். கடல் ஏறி வந்ததாம். ஜெபம்கூட வாயில் வரவில்லையாம். செருப்பை விட்டுவிட்டு எப்படியோ தவழ்ந்து கரைக்கு வந்தாளாம். "என் பலத்துல நான் வரலீங்க. அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள்.

அதே சேற்றில் ஜெருஷா ஒன்பது வருஷமாகச் சிப்பி தோண்டியிருக்கிறாள். மறுநாள் கடல் ஏறும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றும் பார்த்தாள். நல்ல செருப்பு ஒன்று போனதுதான் மிச்சம்.

சேர்க்கும் முன் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. வருகிறவளின் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி நற்சாட்சி சொல்ல வேண்டும். யாரைக் கேட்கலாம் என்று போதகர் விசாரித்தபோது கெசியா சொன்ன பெயர் ஜெருஷா.

வியாழக்கிழமை ஜெபவீட்டு வாசலில் கெசியா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க எதையும் எழுதி வச்சிருப்பீங்க, அதான் உங்களச் சொன்னேன். எனக்கு நேத்துப் பொங்கினது இன்னிக்கு ஞாபகம் இருக்காது."

"உள்ளதத்தான் சொல்லுவேன்."

"உள்ளதத்தான சொல்லணும்? தாமாரக் குடுங்க, நான் வச்சுக்கறேன்."

குழந்தை அவள் தோளில் உடனே தூங்கிவிட்டது. ஜெருஷாவிடம் அது அப்படித் தூங்கியதில்லை.

உள்ளே பெஞ்சில் இருந்த ஒரு கிழவர், "வா, சகோதரி" என்று கெசியாவுக்கு இடம் விட்டார். சேர்க்கும் முன்னாலேயே சகோதரி! ஒன்பது வருஷமாக ஜெருஷா அவருக்கு வெறும் 'தோர்லி வீட்டம்மா'.

போதகர் கூப்பிட்டார். ஜெருஷா எழுந்து நோட்டை விரித்தாள். "கெசியா பைக்கைப் பற்றிப் பதினொரு குறைகள்."

"ஒன்று. உபவாச நாளில் சிரித்தாள்."

"ஆமாங்க" என்றாள் கெசியா, குழந்தையைத் தட்டிக்கொண்டே. "பன்னி வேலியில மாட்டிக்கிச்சு."

"இரண்டு. பிரசங்கத்தில் தூங்கினாள். ஜெபவீட்டுக் காவல்காரர் தன் கோலில் கட்டிய நரிவாலால் மூக்கைத் தடவி எழுப்ப வேண்டியிருந்தது."

"ரெண்டு தடவைங்க."

ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். ஒன்றைக்கூட மறுக்கவில்லை. முகங்கள் அவள் பக்கமாக இளகிக்கொண்டே போவதை ஜெருஷா பார்த்தாள். வாசிப்பை வேகமாக்கினாள். அதுவரை மூன்றாவது கட்டத்தைக் கவனமாகத் தாண்டி வந்தவள், ஒன்பது வருஷப் பழக்கத்தில், எட்டாவதில் வரியின் கடைசிவரை போய்விட்டாள்.

"எட்டு. சனிக்கிழமை சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்கிய பின் ரொட்டியை அடுப்பில் வைத்தாள். வேர், பொறாமை."

போதகர் நிமிர்ந்தார். "யாருக்குப் பொறாமை? ரொட்டிக்கா?"

ஜெருஷா பக்கத்தைப் பார்த்தாள். பதினொன்றுக்கும் அதே வேர், அவளுடைய கையெழுத்தில். அடுத்தவள் நெஞ்சுக்குள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நெஞ்சைத்தான் எழுதியிருந்தாள். நோட்டை மூடிவிடலாம். மூடினால் தப்பலாம்.

"எனக்குங்க, ஐயா" என்றாள். "இந்தப் பதினொண்ணும் நான் வேவு பாத்து எழுதினது. அவ சேத்துல விழுந்தா. அதுகூட எனக்குக் கெடைக்கலியேன்னு இருந்துச்சு. அவளுக்குக் கெடைச்சது பொய்யா இருக்கணும்னு தெனம் வேண்டிக்கிட்டேன். கடவுள்கிட்டயே வேண்டிக்கிட்டேன்."

அழுகை வந்தது. வரிசையில்லாத, மூக்கு ஒழுகுகிற அழுகை.

கெசியாவைச் சேர்க்க எல்லாக் கையும் உயர்ந்தது. கை இறங்கியதும் போதகர் மெல்லச் சொன்னார்: "வசந்தத்துல நாங்க எதிர்பாத்தது இதத்தான், ஜெருஷா. சபை சம்மதிச்சா உன் பேரையும் முன்வைக்கலாம்."

தாமாரின் தலையில் விழப்போகிற ஞானஸ்நானத் தண்ணீர் ஜெருஷாவின் கண்ணில் தெரிந்தது. சும்மா இருந்தால் போதும். ஆனால் கெசியாவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கெசியா ஜெருஷாவுக்காக அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையும் ஜெருஷாவுக்குத் தன்னுடையதைவிட நன்றாகப் பட்டது.

"ஐயா, அந்தப் பொறாமை போயிடுச்சுன்னு நெனச்சு என்னச் சேத்துடாதீங்க. இப்பவும் இருக்கு. இந்த நிமிஷமும்."

போதகர், ஒருவர் பெயரை முன்வைக்கும்போது சொல்கிற வழக்கமான வார்த்தையைச் சொன்னார்: "பதினாலு நாள் தவணை. ஜெருஷா தோர்லி மேல யாருக்காவது குறை இருந்தா வந்து சொல்லுங்க."

எல்லாத் தலையும் கெசியா பக்கம் திரும்பியது.

"எங்கிட்ட நோட்டு இல்லீங்களே" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி.

ஜெபவீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. பெஞ்சுகள் மட்டும் குலுங்கின. தாமார் விழித்து வீரிட்டது. ஜெருஷா போய் அதை வாங்கிக்கொண்டாள். இவ்வளவு நல்ல பதில் தனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றுவதில்லை என்று நினைத்துக்கொண்டே குழந்தையைத் தட்டினாள்.