ஃப்ரிட்ஜுக்குள் சாவி

அன்று என் கணவர் வழக்கம்போலச் செய்த கடைசிக் காரியம், ஸ்கூட்டர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்ததுதான்.

இதைக் கேட்டு யாரும் அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டின் பின்னறைதான் அவருடைய ஸ்டுடியோ. சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறை, அதில் ஃப்ரிட்ஜ். அது ஓடினால் சில மைக்குகளில் அதன் முனகல் சுவரைத் தாண்டிப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்த மாதிரி மைக்கில் பதிவு செய்வதற்கு முன் அதை அணைப்பார். அணைத்ததை மறந்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புவார். இரண்டு முறை பாலும் காய்கறியும் நாறிப்போய் நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு இந்த வழியைக் கண்டுபிடித்தார். அணைத்த கையோடு ஸ்கூட்டர் சாவியை உள்ளே வைத்துவிடுவார். முட்டை வைக்கும் குழிகளில் கடைசிக் குழி சாவிக்கு. வெளியே போகச் சாவி வேண்டும், சாவிக்கு ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. ஞாபகம் வந்துவிடும்.

அன்று வயலின் வாசிக்கும் அம்மாள் வந்திருந்தார். ஒரு நீண்ட உருப்படியின் முதல் பாதியை வாசித்துவிட்டு, கை வலிக்கிறது, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கிளம்பினார். இவர் மைக்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். வாசித்ததை ஒருமுறை கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். காதில் ஹெட்போன் இருந்தால் என் குரல் அவருக்கு எட்டாது என்பதால் கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தேன்.

பிறகு துக்கம் கேட்டு உறவினர்கள் வந்தார்கள், வீடு நிறைந்தது. ஃப்ரிட்ஜை யாரும் நினைக்கவில்லை. நாற்றம் வந்ததும் என் நாத்தனார் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். கடைசியில் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டுவிட்டு, "நல்ல கம்பெனி பெட்டிம்மா, சீக்கிரம் கெடாது" என்று சொல்லிப் போனான். கெட்டதையெல்லாம் நானே எடுத்துக் கொட்டிக் கழுவினேன். சாவியையும் துடைத்து, அதே குழியில் வைத்தேன்.

அந்தச் சாவியைத்தான் என் கொழுந்தன் வீடு முழுக்கத் தேடினான். அவன் கிதார் வாசிப்பவன், பொறுமைக்கும் அவனுக்கும் ஆகாது. கட்டிலைத் தூக்கினான், சோபாவின் வயிற்றுக்குள் கைவிட்டான்.

"அண்ணி, அண்ணன் சாவிய எங்க வைப்பாரு?"

"ஒவ்வொரு நாள் ஒவ்வொரு இடம் தம்பி."

சாவியை எடுக்காமல் அவர் எங்கேயும் போனது கிடையாது. அதை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கொழுந்தன் கடைசியில் ஆளைக் கூட்டி வந்து ஸ்கூட்டரின் பூட்டையே மாற்றிவிட்டான்.

வயலின் அம்மாள் வந்தது அதற்கும் பிறகுதான். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"மீதியை வாசிக்கணும். ஆனா ரெண்டு பாதியும் ஒரே மாதிரி கேக்கணும். ஒட்டுத் துணி மாதிரி இருந்தா நான் முதல்லேருந்து வேற எடத்துல வாசிச்சுக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

வேறு இடத்தில் வாசித்தால் எங்கள் பின்னறையில் இருக்கும் முதல் பாதி குப்பைக்குப் போகும். அவர் கடைசியாகப் பதிவு செய்தது அதுதான். அதைக் குப்பைக்கு விட நான் தயாராக இல்லை.

"எந்த மைக்ல எடுத்தாரோ அதுலயே எடுத்துடலாம் மேடம்" என்றான் கொழுந்தன், பெரிய மனுஷன்போல.

"எந்த மைக்டா?" என்றேன்.

அவன் முகம் மாறியது. விஷயம் இதுதான். புதிதாக ஒரு மைக் வாங்குவதற்காகக் கடையிலிருந்து மூன்று மைக்குகளைப் பார்வைக்கு வாங்கி வைத்திருந்தார் அவர். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்ப வேண்டும். மூன்றும் அதனதன் பெட்டிக்குள், நல்ல பிள்ளைகளாக அலமாரியில் இருந்தன.

"கம்ப்யூட்டர்ல இருக்காதா?"

"‘வயலின் ஒண்ணு’ன்னுதான் இருக்கு அண்ணி."

"நீங்க பாத்திருப்பீங்களேம்மா?" என்று வயலின் அம்மாளைக் கேட்டேன்.

"நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் வாசிப்பேன். கறுப்பா ஏதோ நின்னுது."

கறுப்பாக நிற்கத்தான் செய்யும். எந்த மைக்காக இருந்தாலும் முன்னால் ஒரு கறுப்புத் துணித் திரையை மாட்டிவிடுவார். விலை உயர்ந்ததைப் பார்த்தால் பாடுகிறவர்கள் குரலை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி.

அந்த மூன்றையும் எனக்குத் தெரியும். மைக்கைச் சோதிக்க அவருக்கு எப்போதும் என் குரல்தான். சலவைத்தூள் பொட்டலத்தின் பின்னால் இருப்பதை நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். வெள்ளைத் துணிகளைத் தனியாக ஊறவைக்கவும் என்று நான் இத்தனை வருடங்களில் எத்தனை மைக்குகளுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. மூன்றுக்கும் பேர் வைத்திருந்தார். வெல்வெட் பெட்டியில் வந்தது மாப்பிள்ளை. அதில் என் குரல் வானொலி அறிவிப்பாளர் குரலாகக் கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"உன்னைப் புகழுது. புகழுறவனை வீட்டுல சேக்கக் கூடாது."

சாம்பல் நிறத்தில் தடியாக இருந்தது குமாஸ்தா. முன்னால் நின்று சொன்னதை மட்டும் எழுதிக்கொள்ளும், மற்றதைக் காதில் வாங்காது. மூன்றாவது ஒல்லியாக, நீளமாக இருந்தது. என் வளையல், புடவை உரசல், தெருவில் யாரோ செருமியது எல்லாம் அதில் கேட்டன. அதன் பேர் பக்கத்து வீட்டுக்காரி.

கொழுந்தன் சோதனையை ஆரம்பித்தான். வயலின் அம்மாள் ஒரே வரியை ஒவ்வொரு மைக்கிலும் வாசித்தார். மாப்பிள்ளையில் வயலின் தேன் தடவிக்கொண்டு வந்தது. குமாஸ்தாவில் மனு கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரியில், குளியலறையில் யாரோ லாரி ஓட்டிக்கொண்டே வயலின் வாசிப்பதுபோல் இருந்தது.

"மூணாவது இல்ல, அது மட்டும் நிச்சயம்" என்றான் கொழுந்தன். "மாப்பிள்ளைதான் அண்ணி. அண்ணன் காது அதைத்தான் எடுத்திருக்கும்."

"இல்லை" என்றார் வயலின் அம்மாள். "என் வயலினுக்கு இவ்வளவு வாய்ஜாலம் கிடையாது."

எதை வைத்துக்கொள்வதாகச் சொன்னார் என்று கேட்கக் கொழுந்தன் கடைக்காரருக்குப் போன் போட்டான். அவர் துக்கம் விசாரித்துவிட்டு, "சார் இருந்தா மூணையுமே வச்சுக்கறேன்னுதான் சொல்லியிருப்பாரு" என்றார்.

வயலின் அம்மாள் வில்லைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். லாரி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அது லாரி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஃப்ரிட்ஜ்.

மாப்பிள்ளையிலும் குமாஸ்தாவிலும் அது கேட்கவில்லை. அவற்றை வைத்து எடுக்கும்போது அவர் ஃப்ரிட்ஜைத் தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியை வெளியே எடுத்தால் மட்டும்தான் அணைப்பார். அன்று அணைத்திருந்தார்.

"அதுதான்" என்றேன். "மூணாவதுதான்."

"அண்ணி, சும்மா இருங்க. குளியலறை மாதிரி கேக்குது."

குளியலறை எங்கிருந்து வந்தது என்று சுவரைப் பார்த்தேன். வெறும் சுவர். எதிரொலி வராமலிருக்க அவர் சுற்றிலும் தொங்கவிட்டிருந்த தடித்த கம்பளிகளைக் காணவில்லை. உறவினர்கள் படுக்க என்று நாத்தனார்தான் கழற்றிக் கொடுத்தார். நானே அவற்றைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருந்தேன். அவர் சம்பாதித்து வைத்த நிசப்தத்தையெல்லாம் சொந்தக்காரர்கள் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள்.

கம்பளிகளை மறுபடி மாட்டினோம். "சலவை வாசனை வருது" என்றார் வயலின் அம்மாள். "மைக்குக்கு மூக்கு இல்லம்மா" என்றேன். வில்லை மறுபடி முறுக்கினார்.

"எல்லாம் சரி, ஃப்ரிட்ஜ அணைச்சிருந்தாருன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று சமையலறை வரை பின்னாலேயே வந்தான் கொழுந்தன். "மறந்துருக்கலாமே?"

சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"இதுக்கா நான் அந்தக் கட்டிலத் தூக்குனேன்?"

"உன்னை யாரு தூக்கச் சொன்னது?"

"முதுகு இன்னும் வலிக்குது அண்ணி!" என்றான். பிறகு சத்தம் குறைந்தது. "எடுத்துக்கவா?"

"எதுக்கு? பூட்டத்தான் மாத்திட்டியே. இது இனிமே எதையும் திறக்காது."

அவன் பையிலிருந்து புதுச் சாவியை எடுத்துப் பக்கத்துக் குழியில் வைத்தான். உள்ளேயிருந்து வயலின் அம்மாள், "கை ஆறிப்போகுது, வர்றீங்களா இல்லையா?" என்று கூப்பிட்டார்.

இரண்டாம் பாதியை வாசித்து முடித்தார். கொழுந்தன் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒட்டு எங்க வருது?" என்று கேட்டார் முடிவில்.

"தாண்டி ரொம்ப நேரமாச்சு மேடம்."

"அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

மாப்பிள்ளையையும் குமாஸ்தாவையும் கொழுந்தன் அதே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தான். கிளம்பும்போது நினைவாகத் தன் சாவியை எடுத்தான், ஃப்ரிட்ஜையும் போட்டான். இப்போது அவன்தான் ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்கிறான், ஒவ்வொரு பதிவுக்கும் அப்படியே செய்கிறான்.

கடைசிக் குழியில் பழைய சாவி இருக்கிறது. முட்டை வாங்கும்போது நான் ஒன்று குறைத்து வாங்குகிறேன்.