விலாசம் போட்ட செம்பு

நவமணி கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். காலையிலிருந்து அந்தத் தாள் அவள் மேசைமேல் கிடந்தது, அவள் தொடுவதாக இல்லை.

தாளில் இருந்தது இரண்டே வரி. சித்தியவான் ஊர் லாரிக்காரருக்கு, லாரிக்கு லாரி பேசிக்கொள்ளச் செய்த நாற்பது ரேடியோ செட்டும் சரியாகப் பேசாததற்குக் காரணம் மோசமான ஈயப் பற்றவைப்பு, பற்றவைத்தவர் செல்லாயி. செட்டுகளைச் சோதிக்கிறவள் என்ற முறையில் நவமணி அதை உறுதி செய்ய வேண்டும். செய்தால், மூன்று நாளாக வீட்டில் நிறுத்திவைத்திருக்கும் செல்லாயியின் வேலை போனது போனதுதான். செய்யாவிட்டால் இவளையும் சேர்த்து மூட்டை கட்டச் சொல்வார் முதலாளி அடைக்கப்பன். எண்பத்தாறாம் வருஷம், ஈயச் சுரங்கங்கள் வரிசையாக மூடி ஈப்போ நகரமே வேலையில்லாமல் திண்டாடிய நேரம். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணுக்கு இன்னொரு வேலை என்ன மரத்திலா காய்க்கிறது?

அதற்காகப் பொய்க்குக் கையெழுத்துப் போடுவதா? அந்தச் சோலியே நவமணியிடம் கிடையாது.

போன மாத ரேடியோக்களின் மின்சுற்றுப் பலகைகளையும் செல்லாயிதான் பற்றவைத்தாள். அதே கை, அதே ஈயக்கம்பி. ஒவ்வொன்றும் மீட்டரில் பத்து வாட் காட்டியது. இந்த முறை நாலைத் தாண்டவில்லை. அப்படி என்னதான் மாறியது என்று பழைய பலகை ஒன்றையும் புதியது ஒன்றையும் புரட்டிப் பார்த்தாள். விஷயம் முகத்தில் அறைந்தது.

பலகையின் முன்பக்கம் ஆன்டெனாவுக்குப் போகும் செம்புக் கோடு. பின்பக்கம் முழுக்கச் செம்பு, அதுதான் எர்த்து. கோட்டில் போகிற மின்சாரம் அதன் நேர் அடியில் இருக்கும் எர்த்து வழியாகத் திரும்பி வரவேண்டும். பழைய பலகையில் அந்த இடம் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது. புதியதில் சரியாக அங்கேதான் செம்பை வெட்டி 'சு.ப.நா.' என்று கொட்டை எழுத்து, சுற்றிலும் நாலு பக்கம் அடைத்த ஒரு கட்டம். கட்டத்துக்குள் இருந்த செம்பு மற்றதோடு ஒட்டே இல்லாமல் தனித்து நின்றது. திரும்பும் வழியை அறுத்துவிட்டால் ஆன்டெனாவுக்குச் சக்தி எப்படிப் போய்ச் சேரும்?

'சு.ப.நா.' முதலாளியின் குடும்ப விலாசம். பாட்டன் பெயர், 'அப்பச்சி' என்று அவர்கள் அழைக்கும் தகப்பன் பெயர் இவற்றின் முதல் எழுத்தைக் கோத்து, கடைப்பலகையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு வரை பொறித்து வைப்பது செட்டியார் வீட்டு வழக்கம். இதுவரை ரேடியோ பலகையில் அதை வெள்ளை மையால் அச்சடித்தார்கள். மை அழிந்துபோகும், செம்பு நிற்கும் என்று இந்த முறை முதலாளியே வரைபடத்தில் எழுத்துகளை ஒட்டிக் கொடுத்தார். நல்ல யோசனைதான், போங்கள்.

பதினொரு மணிக்கு அடைக்கப்பன் வந்தார். "இன்னும் சைன் வெக்கலயா?"

"செல்லாயி அக்கா பத்தவெச்சது சரியா இருக்கு மொதலாளி. ஒங்க விலாசம் இருக்குற எடந்தான் தப்பு."

அவர் முகம் சுருங்கியது. "அது எங்க அப்பச்சி விலாசம். நானே எடம் பாத்து ஒட்டுனது. வாய அளந்து பேசு."

"பேசல. காட்டுறேன், பாருங்க."

மெல்லிய செம்புத் தகட்டைக் கத்தரித்து எழுத்துகளின்மேல் வைத்தாள். "ஏய், அத மூடாத," என்றார் அவர். ஆனாலும் அவள் கட்டத்துக்கு வெளியே நாலு விளிம்பிலும் பற்றவைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மீட்டரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். முள் ஒன்பதரையில் போய் நின்றது.

அடைக்கப்பன் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. தகடு வைக்காத இன்னொரு செட்டைத் தானே மாட்டி அழுத்தினார். நாலு.

"சரிலா," என்றார் குரலைத் தணித்து. "எல்லாத்துக்கும் தகடு வெச்சிரு. செல்லாயிய நாளைக்கு வரச் சொல்லு. இது வெளிய போக வேணாம்."

இதோடு விட்டிருக்கலாம். இரண்டு பேர் வேலையும் பிழைத்தாயிற்று. ஆனால் நவமணிக்கு இப்போதுதான் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பற்றவைக்கும் கோலின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கீழ படிக்கட்டுகிட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க. செல்லாயி அக்கா கவனமில்லாம வேல செஞ்சாங்கன்னு. மூணு நாளா தெருவே படிக்குது."

"கிழிச்சிரலாம்."

"கிழிச்சா பத்தாது. யாரு தப்புன்னு எழுதி ஒட்டுங்க. அதுவரைக்கும் மத்த முப்பத்தொம்பதும் இப்படியே கெடக்கட்டும்."

"அப்பச்சி பேர மூடுனது பத்தாதா ஒனக்கு?"

"நோட்டீஸ்ல செல்லாயின்னு மட்டும் போடலையே நீங்க. செல்லாயி, சன்னாசி மகள்னு போட்டிருக்கீங்க. சன்னாசி அவங்க அப்பா. முப்பது வருசம் தோட்டத்துல ரப்பர் பால்மரம் வெட்டுனாரு, ஒருத்தரும் ஒரு கொற சொன்னதில்ல. செத்தும் போயிட்டாரு. அவரு பேரு மட்டும் தெருவுல நாறணுமா?"

அடைக்கப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். நவமணி பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'செல்லாயி மேல் குற்றம் இல்லை. வரைபடத்தில் தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார்.

"வரஞ்சது யாரு, மொதலாளி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் குனிந்து, 'வரைந்தவன் நான்' என்று எழுதினார்.