இன்னும் இறங்காத வண்டல்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு பல் மருத்துவமனை.

என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஜன்னலோரப் பூந்தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தார். சுற்றுமுற்றும் பார்க்காமல் அதில் துப்பினார். பிறகு கட்டைவிரலால் குழைக்க ஆரம்பித்தார். வரவேற்பு மேசையில் இருந்தவள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் மட்டும் அசரவில்லை. "இங்கயுமா?" என்று கேட்டார். அதற்குள் கணவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? விசாரித்தேன். அந்தப் பெண் மண் ஆய்வாளராம். கணவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி முடிப்பதற்குள் முக்கால் கதையும் என் மடியில் விழுந்தது. ஆகவே நான் கேட்டது ஒரு கட்சியை மட்டும்தான். இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

[தொட்டி மண்ணைப் பற்றி அவர் தீர்ப்பு: "பாதி மணல். செடி பாவம்."]

2.

தொடக்கங்கள்.

"பரந்து விரிந்த புல்வெளியில் இளங்காற்று தவழ்ந்து—" விட்டுவிட்டேன். காற்றுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

"மண் என்பது மனிதனின்—" இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

"அவள் குழிக்குள் இறங்கினாள்." இது பரவாயில்லை, இருக்கட்டும். (காத்திருப்பு அறையில் 'அவர்' என்று இருந்தவர் கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். மரியாதைக் குறைவு இல்லை, கிட்டே போய்விட்டேன் என்று அர்த்தம்.)

அவள் குழிக்குள் இறங்கினாள். தோள் வரை ஆழம். கத்தியால் குழியின் ஒரு பக்கத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்தாள். மேலே இரண்டு சாண் அளவுக்குக் கருப்பு. அதில் புல்வேர்கள் நூல் நூலாக ஓடின, உதிர்த்தால் மண் கடுகு கடுகாக உதிர்ந்தது. அதற்குக் கீழே வெளிறிய பழுப்பு. இன்னும் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கீற்றுகள். புல் முளைத்து, மடிந்து, மறுபடி முளைத்து, ஆயிரக்கணக்கான வருஷங்களில் சேர்த்துவைத்த மண். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் அடுத்த படியில்தான். மண்ணை வகைப்படுத்தும்போது வரிசை, குழு என்று இறங்கிக் கடைசியில் குடும்பத்துக்கு வருவார்கள். ஆம், மண்ணுக்கும் குடும்பம் உண்டு, அங்கேயும் தகராறு உண்டு. நூறு பங்கில் முப்பத்தைந்துக்கு மேல் களிமண் இருந்தால் களிக் குடும்பம். அதற்குக் கீழே இருந்து, மிச்சமெல்லாம் பெரும்பாலும் மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட வண்டலாக இருந்தால் வண்டல் குடும்பம்.

ஈர மண்ணை அவள் விரலிடுக்கில் தேய்த்தாள். மணல் என்றால் நறநறக்கும். களி என்றால் ஒட்டிக்கொண்டு நாடா போல நீளும். இது இரண்டும் செய்யவில்லை. மாவு மாதிரி வழுக்கியது, நாடா இரண்டங்குலத்துக்குள் அறுந்தது. சந்தேகமே இல்லாமல் "வண்டல்" என்று குறித்துக்கொண்டாள். பதினான்கு குழிகளிலும் அதே கதைதான்.

ஆய்வகம் அனுப்பிய தாளில் களி முப்பத்தேழு என்று இருந்தது.

இரண்டே இரண்டு பங்குதானே கூடுதல் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் புல்வெளியின் நடுவே குளம் வெட்டத் திட்டம் தயாராக இருந்தது. களி என்றால் தண்ணீர் நிற்கும், தாராளமாக வெட்டலாம். வண்டலில் வெட்டினால் தண்ணீர் கீழே வடியும், கரை முதல் மழையிலேயே கரைந்து ஓடும். குளமும் மிஞ்சாது, புல்லும் மிஞ்சாது. வெள்ளிக்கிழமை அனுமதி கொடுக்கும் குழு கூடுகிறது. களி என்று எழுதினால் திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும்.

3.

இப்போது ஒரு வில்லன் வேண்டும். ஆய்வகக்காரரை அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். "அவருடைய கண்ணில் ஒரு குரூரமான—" அடித்துவிட்டேன். ஏனென்றால் அந்த ஆய்வகக்காரர்தான் உள்ளே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். ஆமாம், அவள் கணவர். தினமும் காலையில் அவளுக்குத் தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்து அனுப்புகிறவர். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அலுவலகத்தில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். அவர் போட்ட எண்ணை இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் முதல்முறையாகக் கேட்டாள்.

"உங்க எண் தப்புங்க."

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "எண் எப்படித் தப்பாகும்? சுவர்ல ஒட்டியிருக்கிற தாள்ல இருக்கறபடிதான் செய்யறேன். உன் கைக்குத் தாள் இருக்கா?"

அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. அன்று முழுக்க இருவரும் பிள்ளையின் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அப்பாகிட்ட குழம்பு வேணுமான்னு கேளு, அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லு. கல்யாணமானவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

[அவள் கை பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கே ஒரு பத்தி வரை சந்தேகம் இருந்தது. அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டேன்.]

4.

புதன்கிழமை அவள் ஆய்வகத்துக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அதே மண், புதிதாக எடை போட்டது. காலை எட்டு மணிக்கு அவர் அதைச் சோப்புப் பொடி கரைத்த தண்ணீரில் கலக்கினார், உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றினார், குலுக்கி வைத்தார். செயல்முறை எளிது. மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் போய்விடும். வண்டல் மெதுவாக இறங்கும். களி நாள்கணக்கில் மிதக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அளவுக் கோடுகள் போட்ட ஒரு மிதவையை விட்டு, தண்ணீரில் இன்னும் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். தொங்குவதெல்லாம் களி என்று கணக்கு.

ஏன் இரண்டு மணி நேரம் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் சாப்பாட்டுக்கு முன் ஒரு தொகுதி, பின் ஒரு தொகுதி முடிக்கலாம் என்று அவர் பெருமையாகவே சொன்னார்.

பத்து மணிக்கு அவர் மிதவையை விட்டார். முப்பத்தேழு. அவளைப் பார்த்தார். குழாயைக் கழுவக் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாயின் அடியில் சேறு நின்ற இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பதினொரு மணிக்குச் சேறு கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறியிருந்தது.

"இன்னும் இறங்கிட்டே இருக்குங்க. இறங்கி முடியாததை எப்படிக் களின்னு எழுதுவீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு கதவில் 'உள்ளே வராதீர்கள், மேசை ஆடும்' என்று எழுதி ஒட்டினார். அன்று மதியத் தொகுதி நடக்கவில்லை. அவருடைய வேலைக்காலத்தில் அப்படி ஒரு நாள் அதுதான் முதல். இருவரும் அந்த மேசையைத் தொடாமல், எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

மணி நான்கு. எட்டு மணி நேரம்.

இந்த இடத்தில் நிஜக் கணவர் வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். அவளுக்குக் கதையை நிறுத்த மனமில்லை. "எவ்வளவு வந்துச்சு, நீங்களே சொல்லுங்க" என்றாள். அவர் முதலில் இரண்டு விரல், பிறகு எட்டு விரல் காட்டினார். வீங்கிய கன்னத்தோடு அவர் சிரித்ததை நான் பார்த்தேன். தோற்றவன் அப்படிச் சிரிக்கமாட்டான்.

இருபத்தெட்டு. வண்டல்தான். அவள் ஆய்வகத்தில் எழுந்து நின்று கைதட்டினாளாம், தன் கைக்குத் தானே. எனக்கு அதைக் கேட்டபோது பல்வலி மறந்துபோனது.

5.

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

(அ) குழு கேட்காமல் குளம் வெட்டுகிறது, கரை கரைகிறது, அவள் மழையில் நிற்கிறாள். இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஜெயித்தவளைக் கொண்டுபோய் மழையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

(ஆ) எல்லாரும் அழுகிறார்கள். வேண்டாம்.

(இ) நடந்தது. வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் எழுந்துவிட்டார்.

"முதல் தாள்ல என் அவசரம் இருக்கு சார். ரெண்டாவதுல மண்ணு இருக்கு. அவங்க கை குழியிலேயே சரியா சொல்லிடுச்சு."

அறை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. புல்வெளி மண் வண்டல் குடும்பத்தில் பதிவானது. குளம் வேறிடத்துக்குப் போனது. இயந்திரம் இறங்கவில்லை. அங்கே இன்னும் புல்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

இதோடு முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தலைவர் சும்மா இருக்கவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டினார். மூன்று வருஷங்களில் பதினொரு இடங்களில் அவள் கை வண்டல் என்று குறித்திருக்கிறது, ஆய்வகம் களி என்றிருக்கிறது, அவளும் களி என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா அப்பல்லாம் சொல்லலை?"

அவள் பதில் சொன்னாள். என்னிடமும் சொன்னாள். நான் அதை நான்கு முறை எழுதி நான்கு முறையும் எடுத்துவிட்டேன். பயம் என்று எழுதினால் அது பொய். மரியாதை என்று எழுதினால் பாதிப் பொய். வீட்டில் நிம்மதி வேண்டும் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னபடியே எழுதிப் பார்த்தேன், என் எழுத்தில் அது மன்னிப்பு மாதிரி ஒலிக்கிறது. அவள் குரலில் அப்படி இல்லை.

பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தப் பதினொரு கோப்புகளையும், எடுத்துவைத்திருந்த மண் பைகளையும் அவள் கேட்டு வாங்கினாள், கணவர் சுமந்துகொண்டு வந்தார். சனிக்கிழமை எட்டு மணிக்குப் பதினொரு குழாய்கள் வரிசையாக நின்றன. நாலு மணிக்கு ஏழு களி வண்டலானது.

பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நீங்களும் தெரிந்திருந்தும் சொல்லாமல் எங்காவது கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், வார்த்தை கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: அதைச் சொல்லும்போது அவள் தலை குனியக்கூடாது.