ஒகாவா பாணிக் கொக்கு

பிரதாப் ஜப்பானில் இருந்தது மொத்தம் பன்னிரண்டு நாள். அதில் இரண்டு நாள் விமானத்தில் போனது, ஒரு நாள் வயிற்றுப்போக்கில் போனது. மிச்சம் ஒன்பது நாளில் அந்த நாட்டை அவன் முழுசாகக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தான் என்பது அவன் மனைவி வினிதாவுக்கு அவன் திரும்பி வந்த முதல் காலையிலேயே தெரிந்துவிட்டது. அங்கே தொழிற்சாலைகளில் ஒட்டுவதுபோல், சமையலறையில் உப்பு டப்பாவின் மேல் ‘உப்பு’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“எட்டு வருசமா அதுல உப்புதாங்க இருக்கு” என்றாள்.

“உனக்குத் தெரியும் வினி. புதுசா ஒருத்தர் வந்து சமைச்சா?”

யார் வந்து சமைக்கப்போகிறார்கள் என்று அவள் ஆவலோடு காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில் அவன் குவாலிட்டி பிரிவில் இருந்தான். இருவருக்கும் ஊர் மணப்பாறைப் பக்கம். பாகலூர் ரோட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியில் குடியிருந்தார்கள். ஜப்பான் ஓட்டலில் கிளம்புகிற அன்று வரவேற்பில் இருந்த பெண் அவன் கையில் ஒரு காகிதக் கொக்கைக் கொடுத்தாளாம். ஓரிகாமி என்னும் காகித மடிப்புக் கலையில் அவன் பெற்ற பயிற்சி அவ்வளவுதான். பாக்கியை யூடியூப் பார்த்துக்கொண்டது.

அந்தத் தகுதியோடு கட்டிடத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினான். கூடத்தில் பாய் விரித்து, சுவரில் ‘பேசக் கூடாது, ஓரம் ஓரத்தோடு பொருந்த வேண்டும், அவசரம் கூடாது’ என்று சார்ட் ஒட்டினான். ஜப்பானில் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் தன்னை ‘சென்சே’ என்று கூப்பிடச் சொன்னான். முதல் மாடி ஹரீஷ்குமாருக்கு அது வாயில் நுழையாமல் ‘சென்னை அங்கிள்’ ஆயிற்று. இணையத்தில் வரவழைத்த ஜப்பான் காகிதக் கட்டின் பின்பக்கத்தில் சிவகாசி முகவரி இருந்ததை வினிதா பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை.

ஏழு பிள்ளைகள் வந்தார்கள், இவர்கள் மகள் தன்ஷிகாவையும் சேர்த்து. தரைத்தளத்துச் சுமலதா தன் மகள் அனுப்ரியாவைக் கொண்டுவந்து விட்டபோது கலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஞாயித்துக்கெழமயும் ஓவர்டைம் போட்டுட்டாங்கக்கா. இவ போன நோண்டாம இருந்தா சரி. பேப்பர மடிக்கட்டும், துணிய மடிக்கட்டும், எதுனா மடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடினாள்.

அனுப்ரியாவுக்குப் பத்து வயது. மூன்றாவது ஞாயிறிலேயே இரண்டு நிமிடத்தில் கொக்கு மடித்தாள். பிரதாப்புக்குப் பதினோரு நிமிடம் ஆகும். வேகம் தரத்தைக் கெடுக்கும் என்று அவளிடம் அவன் அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. அவள் கொக்குகளில் கெடுதல் எங்கே என்று அவனால் காட்டத்தான் முடியவில்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஒகாவா என்ற ஆலோசகர் இரண்டு மாதத்துக்கு வந்தார். பிரதாப் அவரை வகுப்பைப் பார்க்க அழைத்தான். அவரும் வருகிறேன் என்றுவிட்டார். பாவம், ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு ஓசூரில் வேறு என்ன வேலை.

ஒரு வாரம் பிள்ளைகள் குனிந்து வணங்கப் பழகினார்கள். எத்தனை டிகிரி குனிவது என்று பிரதாப் அட்டையில் வரைந்து காட்டினான். வினிதாவுக்குக் காரமில்லாத சமையல் என்று உத்தரவு. மிளகாய் போடாத புளிக்குழம்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜப்பான்காரர் நமக்கு என்ன துரோகம் செய்தார் என்று யோசித்தாள்.

ஒகாவா வந்தார். அறுபதை நெருங்கிய, மெலிந்த, சங்கோசமான மனிதர். பிள்ளைகள் வரைபடப்படி குனிந்தார்கள். பிரதாப் ஒரு சிவப்புத் தாளை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டி, ஒரு கொக்கு செய்து காட்டும்படி கேட்டுக்கொண்டான்.

ஒகாவா தாளைப் பார்த்தார். பிரதாப்பைப் பார்த்தார். மறுக்க வழி தெரியாமல் மடிக்கத் தொடங்கினார். நெற்றியில் வேர்த்தது. இரண்டு முறை பிரித்தார். கடைசியில் பாயின் மேல் ஒன்றை வைத்தார். அதற்கு ஒரு இறக்கை இருந்தது, கழுத்து வயிற்றிலிருந்து கிளம்பியது, தானாக ஒருபக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.

பிரதாப் கைதட்டினான். பிள்ளைகளையும் தட்டச் சொன்னான்.

“அங்கிள், கழுத்த உள்பக்கமா மடக்கணும். இவரு வெளிய மடக்கிட்டாரு” என்றாள் அனுப்ரியா.

“ஏய், சும்மா இரு” என்றான் பிரதாப் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் சொன்னது ஒகாவாவுக்குப் புரியவில்லை. ஆனால் அவள் விரல் நீண்ட இடம் புரிந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காட்டு என்பதுபோல் தலையசைத்தார். தெரிந்த ஆங்கிலத்தில், தான் செய்தது தப்பு என்றும், சின்ன வயதில் அக்காதான் செய்து கொடுப்பாள் என்றும், தனக்கு வெல்டிங் ரோபோதான் தெரியும் என்றும் சொன்னார். பிறகு புளிக்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் கேட்டார். மூன்று முறை கேட்டார். போகும்போது அனுப்ரியா செய்த கொக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன்னுடையதைப் பாயிலேயே விட்டுப் போனார்.

அது மறுநாள் ஷோகேஸுக்குப் போனது. அடுத்த ஞாயிறு சுவரில் புது சார்ட் இருந்தது. ‘ஒகாவா பாணி - பதினான்கு படிகள்.’ அந்தச் சாய்ந்த ஜந்துவை ஸ்கேல் வைத்து அளந்து, நான்கு ராத்திரி உட்கார்ந்து பிரதாப் கண்டுபிடித்த முறை. நேராக நிற்கும் கொக்குகளுக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கூடை வைத்திருந்தான். அதற்கு ரிஜெக்ட் கூடை என்று பெயர்.

அனுப்ரியாவின் கொக்கு முதலில் அதில் விழுந்தது.

“ஏன் அங்கிள்?”

“நிக்குது பாரு. ஒரிஜினல் நிக்காது.”

“அவரே தப்புன்னு சொன்னாருல்ல?”

“அது அவங்க பணிவும்மா. பெரிய ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க. ஜப்பான்காரருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?”

அவள் எழுந்தாள். கூடையிலிருந்து தன் கொக்கை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டாள். அடுத்த வாரம் மாடிப்படித் திருப்பத்தில் அவள் வகுப்பு நடந்தது. பழைய செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து மடித்தார்கள். எல்லாரும் கத்திப் பேசினார்கள். தன்ஷிகா குப்பை கொட்டப் போவதாகச் சொல்லி இறங்கியவள் மத்தியானம்தான் வந்தாள். பிரதாப் மட்டும் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, விழுகிற கொக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வெற்றிகரமாகச் செய்துகொண்டிருந்தான். வினிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பெற்ற மகளே குப்பைக் கூடையோடு ஓடிப்போனது அவனுக்கு வலித்திருக்கும்.

திங்கட்கிழமை தன் படைப்புகளில் சிறந்ததை அட்டைப்பெட்டியில் வைத்து ஒகாவாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சாயங்காலம் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

“என்ன சொன்னாரு?”

“ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், மீனான்னு கேட்டாரு.”

வினிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள்.

“அந்தப் பாப்பா கிட்ட மறுபடி கத்துக்கணுமாம். ஞாயித்துக்கெழம வர்றேங்கிறாரு” என்றான் அவன்.

ஒகாவா வந்தார். மேலே ஏறவில்லை. படித்திருப்பத்திலேயே பிள்ளைகளுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே கதவோரம் நின்றுகொண்டிருந்த பிரதாப்பின் கையில் வினிதா காபித் தட்டைக் கொடுத்து, “சும்மாதானே நிக்கிறீங்க, கொண்டுபோய்க் குடுங்க” என்றாள்.

அவன் இறங்கிப் போனான். காபியைக் கொடுத்தபின் ஏறி வர மனமில்லாமல் கடைசிப் படியில் உட்கார்ந்தான். அனுப்ரியா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு செய்தித்தாள் சதுரத்தை நீட்டினாள்.

“மொதல்ல குறுக்கால மடிங்க அங்கிள்.”

மடித்தான். ஒகாவாவின் கொக்கு அன்று நேராக நின்றது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பிரதாப்புக்கு இன்னும் ஐந்து மடிப்பு மிச்சமிருந்தது. அதைச் செய்யாமல், ஓரம் ஓரத்தோடு எப்படிப் பொருந்த வேண்டும் என்று ஹரீஷ்குமாருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அனுப்ரியா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. தவளை எப்படிச் செய்வது என்று தொடங்கிவிட்டாள்.