அபுக்கின் நிறம்

மெல்பேர்ன் மாநகரத் தமிழர்களுக்குள் மனிதரின் தோல் நிறத்தைக் கவனிக்காத ஒரே பிறவி நான்தான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதைப்போலத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறேன். நிறவெறி பற்றி நான் எழுதிய கட்டுரைக்குத்தான் வகுப்பிலேயே கூடிய மார்க். முழு மார்க் கிடைக்காததை விரிவுரையாளரின் பொறாமை என்று விட்டுவிட்டேன்.

ஆகவே, டார்னீட் சமூக நிலையத்தின் பின்சுவரில் கறுப்பின மக்களின் வரலாற்றைக் கொண்டாடும் ஓவியம் வரையப்போகிறார்கள் என்றதும், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பங்கை மேற்பார்வை செய்ய நான் போனது இயல்பே. யாரும் கூப்பிடவில்லை.

சுவரின் நடுவில் இந்த மண்ணின் பூர்வகுடிப் பெரியவர் ஒருவரை அவருடைய உறவினர்களே வரைந்தார்கள். சுற்றிவர, ஆபிரிக்காவிலிருந்து வந்து இங்கே வாழ்ந்து மறைந்தவர்களின் முகங்கள். முகத்துக்கு ஒரு சங்கம் பொறுப்பு. எங்களுக்கு அபுக். தென் சூடானிலிருந்து வந்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். போன குளிர்காலம் புற்றுநோயில் போய்விட்டார். அவருடைய முகத்தை எங்கள் சங்கத்துக்கென்று கேட்டு வாங்கியவர் யோகராணி அன்ரி. அன்ரியின் கணவர் விக்னராஜா அங்கிள் கடைசியில் படுக்கையாகக் கிடந்தபோது குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அபுக்தான்.

அன்ரி ஊரில் சித்திரப்பாட ஆசிரியை. முழங்கால் நோவோடு ஏணியில் நின்று வரைந்தார். கண், சிரிப்பு, முன்பற்களுக்கிடையில் இருந்த இடைவெளி எல்லாம் அச்சொட்டு. நிறம் மட்டும் பால் தேத்தண்ணி.

"அன்ரி, இது அபுக்கோ, இல்லாட்டி அவவின்ரை பாஸ்போர்ட்டைக் களவெடுத்த ஆரோ?"

"விசர்க்கதை கதையாதை, அனோஜன். செத்த மனுசி, வெளிச்சமா, வடிவாக் கிடக்கட்டுமன். எங்கட இவரையும் நினைவுமலரிலை இப்பிடித்தானே போட்டது."

உண்மைதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவுமலரின் அட்டையில் விக்னராஜா அங்கிள் ஓய்வுபெற்ற இங்கிலாந்து விக்கெட் கீப்பரைப்போல இருந்தார். எங்கள் ஆட்கள் உயிரோடிருக்கும்வரைதான் கறுப்பு. செத்தால் ஸ்டூடியோக்காரர் கேட்காமலே வெளுத்துத் தருவார்.

"மோட்சத்துக்கும் ஸ்கின் டோன் பாத்துத்தான் விசா குடுக்கிறவையோ, அன்ரி?"

அன்ரி தூரிகையைக் கழுவினார்.

திறப்பு விழாவுக்கு முன்பு ஒருநாள் அச்சோல் வந்தாள். அபுக்கின் மகள், என்னோடு படிப்பவள். சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். அன்ரி பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் அம்மா இல்லை" என்றாள் அச்சோல் ஆங்கிலத்தில். குரல் உயரவில்லை. "வேலை செய்த இடத்தில் ஒரு கிழவி, அம்மா தொட்ட கையைத் துவாயால் துடைத்துக்கொண்டே இருப்பாளாம். அம்மா வீட்டுக்கு வந்து அதை நடித்துக்காட்டிச் சிரிப்பா. இந்தச் சுவரிலாவது அவ அவவாகவே இருக்கட்டும். முடியாவிட்டால் அழித்துவிடுங்கள்."

அன்ரி ஏணியிலிருந்து மெல்ல இறங்கிக் கதிரையில் இருந்தார். "நான் அவவை வடிவாக்கத்தானே பிள்ளை பாத்தனான்…" என்று தமிழில் சொன்னார். அச்சோல் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

மறுநாள் திரும்பப் பூசினோம். அன்ரி ஏணியில் ஏறாமல் கதிரையிலேயே இருந்தார். அதனால் தூரிகை என்னிடம் வந்தது. அச்சோல் சட்டைக் கையை மடித்து முன்கையைச் சுவரோடு வைத்துக்கொண்டாள். கடும் மண்ணிறத்தில் நீலம் கலந்தேன்.

"இன்னும்" என்றாள்.

கொஞ்சம் ஊதா.

"இன்னும். என்ன பயம்?"

"எனக்கா? எனக்கு நிறமே கண்ணில் படாது."

"அப்படியென்றால் நீ இந்த வேலைக்குச் சரிவரமாட்டாய்" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

பின்னேரம் அபுக் வந்துசேர்ந்தார். ஈரச் சுவரில் கன்ன எலும்பும் கழுத்தும் மினுங்கின. அச்சோல் தன்னுடைய மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னாள். அம்மா என்பதாகத்தான் இருக்கவேண்டும். திரும்பிப் பார்த்தால் அன்ரியைக் காணவில்லை. எங்கே போனாலும் "போட்டு வாறன்" என்று சொல்லாமல் நகராத மனுசி.

"நீயும் வந்து நில்" என்றாள் அச்சோல். "அம்மாவின் தங்கை கென்யாவில் அகதி முகாமில் இருக்கிறா. சாவீட்டுக்கு வர விசா கொடுக்கவில்லை. அவவுக்கு அனுப்ப ஒரு படம். உன் போன் கமராதான் நல்லது."

எடுத்தேன். முன்னால் நாங்கள் இருவர், பின்னால் சுவரில் அபுக்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது படத்தைத் திறந்தேன். அச்சோல் நன்றாக இருந்தாள். அபுக் நன்றாக இருந்தார். அவர்களுக்கிடையில் நெற்றி மட்டும் மினுங்க, நாடி இருட்டோடு கலந்துபோய், யாரோ ஒரு கறுவல் நின்றான். பின்னேர வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது தொழில்நுட்பக் கோளாறு, திருத்தலாம்.

திரையின் அடியில் வெளிச்சத்தைக் கூட்டும் கோட்டைப் பெருவிரலால் வலப்பக்கம் தள்ளினேன். கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். என் முகம் தெளிந்து வந்தது. பின்னால் அபுக்கும் என்னோடு சேர்ந்து வெளுத்துக்கொண்டு வந்தார்.

அப்படியே அச்சோலுக்கு அனுப்பினேன்.